கடைசித் தேதிக்காரர்

தேனி மாவட்டத்தில் எந்த ஊர் டீக்கடையில் உட்கார்ந்தாலும் ஒரு எழுத்தாளர் அகப்படுவார். மண் அப்படி. அல்லிநகரம் பாரதிராஜாவைக் கொடுத்தது, பண்ணைப்புரம் இளையராஜாவை, வடுகபட்டி வைரமுத்துவை. போடியில் ஏலக்காய் மூட்டை தைக்கிறவரும் சுருளிப்பட்டியில் திராட்சைக்கு மருந்தடிக்கிறவரும் தனக்கும் ஒரு நாள் வரும் என்று நம்பினால் யார் தப்பு சொல்ல முடியும்? ஆனால் நான் சொல்ல வந்தவர் தனி ரகம். எழுதுவதைவிட, எழுதியதை எங்கே அனுப்பலாம் என்பதில் கரை கண்டவர். ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பட்டப்பெயர்: கடைசித் தேதிக்காரர்.

கூட்டுறவு சங்கத்திலோ பள்ளிக்கூடத்திலோ மின்வாரியத்திலோ இருந்து ஓய்வு பெற்றவர். கக்கத்தில் ரெக்சின் பை. எதிரே வருகிறவரிடம் சாப்பாடு ஆச்சா என்று கேட்கிற வழக்கம் கிடையாது. "தம்பி, வர்ற முப்பத்தொண்ணு கடைசி. ஏதாச்சும் எழுதி வச்சிருக்கீகளா?" என்றுதான் ஆரம்பிப்பார். சாவு வீட்டிலும் இதே விசாரிப்புத்தான், குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

பைக்குள் ஏதோ ஒரு வருடத்து வங்கி டைரி. அதில் பத்திரிகைகளிலிருந்து கத்தரித்த போட்டி அறிவிப்புகளைப் பக்கத்துக்குப் பக்கம் சோற்றுப் பசையால் ஒட்டியிருப்பார். டைரி அதன் கனத்தைப்போல மூன்று மடங்கு உப்பியிருக்கும். ஆடிக் காற்றில் அதை டீக்கடை பெஞ்சில் பிரித்தால் பசை விட்ட துண்டுகள் ரோட்டுக்குப் பறக்கும். குமுளி பஸ்ஸுக்குக் குறுக்கே ஓடி ஒரு சிறுகதைப் போட்டியைக் காப்பாற்றியவரை நானே பார்த்திருக்கிறேன். டிரைவர் திட்டியதை இங்கே அச்சிட முடியாது.

ஏலக்காயைச் சல்லடையில் போட்டு எட்டு எம்எம், ஏழு எம்எம் என்று பிரிக்கிறார்களே, அதுபோல டைரியில் போட்டிகளைத் தரம் பிரித்திருக்கிறார். மின்னஞ்சலில் அனுப்பினால் போதும், நயாபைசா செலவில்லை என்பது முதல் தரம். தபால் செலவு மட்டும் என்றால் இரண்டாம் தரம். இதழில் வரும் கூப்பனை வெட்டி ஒட்டச் சொன்னால் மூன்றாம் தரம். "அதென்ன இலவசம்? பொஸ்தகம் வாங்குனாத்தான கூப்பன் கெடைக்கும்?" என்பது அவர் வாதம். இதற்காகவே கிளை நூலகத்துக்கு முதல் ஆளாகப் போய், நூலகர் அசந்த நேரத்தில் கூப்பனைக் கிழித்துக்கொண்டு வருகிற பேர்வழிகளும் உண்டு. நம்மவர் அந்த ஜாதி இல்லை. சலூன்காரரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்.

பதிவுக் கட்டணம் கேட்கிற போட்டியெல்லாம் அவருக்குக் கழிவு. அதைவிட மோசமான ரகம் ஒன்றுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டிருக்கிறார். அனுப்ப ஒரு பைசா வேண்டாம், ஆனால் அனுப்பிய அத்தனை பேரும் ஜெயித்துவிடுவார்கள். பிறகு போன் வரும். "வாழ்த்துகள் ஐயா, உங்கள் கதை தொகுப்பு நூலில் இடம்பெறுகிறது, பத்துப் பிரதி மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்." சான்றிதழுக்குத் தனி, சால்வைக்குத் தனி. இந்த இடத்தில் அவரை மெச்சத்தான் வேண்டும். சின்னமனூரிலும் கூடலூரிலும் புதிதாக எழுத வந்த எத்தனையோ பிள்ளைகளின் பணம் தப்பியது இந்தச் சிவப்பு மையால்தான்.

தமிழில் பணம் கட்டாமல் கலந்துகொள்ளும் போட்டிக்கு என்றைக்கும் பஞ்சமிருந்ததில்லை. தினமலர் வாரமலரின் டி.வி.ஆர். நினைவுச் சிறுகதைப் போட்டி, நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியை ஒட்டித் தினமணி நடத்துவது, கொன்றை அறக்கட்டளையோடு சேர்ந்து குமுதம் நடத்துவது என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். அமரர் கல்கி நினைவுச் சிறுகதைப் போட்டி என்றால் கையெடுத்துக் கும்பிடுவார். 1941-இல் தொடங்கிய கல்கி 2020-இல் அச்சை விட்டு இணையத்துக்குப் போனபோது ஒரு வாரம் முகச்சவரம் செய்யவில்லை. "வெட்டி ஒட்ட ஒண்ணுமில்லாமப் போச்சே தம்பி."

போட்டியில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது வாய்விட்டால் தொலைந்தார்கள். "நம்ம போடிக்குப் பக்கத்துல அம்மாபட்டி. சு. வேணுகோபால் அந்த ஊர்தான். 'நுண்வெளிக் கிரகணங்கள்' நாவலுக்குக் குமுதம் போட்டியிலதான பரிசு? ஜெயமோகனோட 'ரப்பர்', 1990-ல அகிலன் நினைவுப் பரிசு வாங்கலையா?" என்பார். நியாயம்தான். ஆனால் அவர்கள் நாவலை எழுதிவிட்டுப் போட்டிக்கு அனுப்பியவர்கள். நம்மவருக்கு முதலில் போட்டி வர வேண்டும். கதை அப்புறம்.

கதைகள் என்று பன்மையில் சொல்வதும் பொய். அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. கம்பம் பக்கத்தில் ஒரு கிழவர், ஒரு கிழவி, ஒரு பன்னீர் திராட்சைத் தோட்டம். மகன் தோட்டத்தை விற்கச் சொல்கிறான், கிழவர் மறுக்கிறார். மோசமில்லை. முதல் வடிவத்தை நான் படித்திருக்கிறேன்; பந்தலுக்கடியில் புருஷனும் பெண்டாட்டியும் பேசாமல் குலை வெட்டுகிற இடம் நிஜமாகவே நன்றாக இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். சுற்றுச்சூழல் போட்டி வந்ததும் கிழவர் பூச்சிமருந்து டப்பாவைத் தூக்கி வீசினார். மகளிர் தினப் போட்டிக்குக் கிழவர் செத்து, தோட்டம் கிழவி பெயருக்கு மாறியது. 2019-இல் அரூ இணைய இதழ் அறிவியல் சிறுகதைப் போட்டி அறிவித்தபோது, மகன் ஒரு ரோபோவாக லோயர் கேம்ப் ரோட்டில் வந்து இறங்கினான். ரோபோவும் தோட்டத்தைத்தான் விற்கச் சொன்னது.

உறுதிமொழிக் கடிதம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. "இக்கதை என் சொந்தக் கற்பனையே, தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று, வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை." கடைசி வாக்கியம் உறுத்தவில்லையா என்று கேட்டேன். "அதுல கெழவன் பேரு மாயாண்டி, இதுல சுருளி. வேற கதை தம்பி" என்றார். நடுவர் தீர்ப்பே இறுதியானது, கடிதப் போக்குவரத்துக்கு இடமில்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும், முடிவு வந்த மறுநாள் ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்று போகும். அதில் திட்டு இருக்காது. அடுத்த போட்டி எப்போது என்ற விசாரணை மட்டும் இருக்கும்.

வார்த்தைக் கணக்குத்தான் அவரை வாட்டும். முதலில் மூவாயிரம் வார்த்தை கேட்டார்கள். பிறகு ஆயிரத்தைந்நூறு ஆயிற்று, அப்புறம் அறுநூறு. அவர் முதலில் பெயரடைகளைக் கழித்தார், அடுத்து சுருளி அருவி போனது, முல்லைப் பெரியாறு போனது. "அப்பவும் அடங்கல. கெழவிய மொதப் பாராவுலயே சாகடிச்சேன், எரநூறு வார்த்தை மிச்சம்" என்றார், வீட்டுச் செலவைக் குறைத்தவரின் பெருமையோடு. நான் மெச்சிய திராட்சைப் பந்தல் காட்சியும் கிழவியோடு சேர்ந்து காடு போய்ச் சேர்ந்தது.

உண்மையான வீட்டுச் செலவு அவருடைய சம்சாரத்தின் கையில். "எலவசமாம்ல எலவசம்" என்று அந்த அம்மா ஒரு நாள் கணக்கு ஒப்பித்தார். டிடிபி சென்டரில் அடித்த கதையை யூனிகோடுக்கு மாற்றத் தேனிக்குப் பஸ்; திருத்தம் போட மறுபடி பஸ்; ஜெராக்ஸ், ஸ்பீடு போஸ்ட், தபாலாபீஸ் வாசலில் சந்தித்தவருக்கெல்லாம் டீ, வடை. "இதுக்கு அந்தப் பதிவுக் கட்டணத்தையே கட்டித் தொலச்சிருக்கலாம்."

செலவே இல்லாத, ஏன், அனுப்பவே தேவையில்லாத பரிசு ஒன்றும் தமிழில் உண்டு. 1970-இல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை, இதழ்களில் வந்த கதைகளிலிருந்து மாதம் ஒன்றைத் தானாகத் தேர்ந்தெடுத்தது. பிறகு அவற்றில் ஒன்று ஆண்டின் சிறந்த கதை. இதைப் பற்றிக் கேட்டால் மட்டும் அவர் முகம் கறுக்கும். விண்ணப்பம் கிடையாது, உறுதிமொழி கிடையாது, கடைசித் தேதியும் கிடையாது. நல்ல கதையாக எழுதி, அது பத்திரிகையில் வந்தால் போதும். "இதெல்லாம் ஒரு போட்டியா?" என்பார்.

ஆனால் அவர் சொல்லி எழுதியவர்கள் ஜெயிக்கிறார்கள். சின்னமனூர் ஜவுளிக்கடையில் துணி மடித்துப் போடும் ஒரு பெண், இவர் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டை நம்பி அனுப்பி ஊக்கப் பரிசு வாங்கினாள். விழாவுக்குத் துணையாக இவரே போனார். மேடையில் அவள் பெயர் சொன்னபோது இவர் அரங்கில் இல்லை. வெளியே புத்தக மேசையில் அடுத்த வருட அறிவிப்பு உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் அவர் லண்டனைக் கண்டுபிடித்தார். காமன்வெல்த் அறக்கட்டளை நடத்தும் சிறுகதைப் பரிசு. கட்டணம் இல்லை. பதினெட்டு வயது ஆன காமன்வெல்த் குடிமக்கள் யாரும் அனுப்பலாம்; தமிழிலேயே அனுப்பலாம், இங்கிலீஷில் மாற்ற வேண்டாம். 2020-இல் ராஞ்சிக்காரர் கிருத்திகா பாண்டே வாங்கியது இந்தப் பரிசைத்தான். ஒவ்வொரு மண்டலத்துக்கும் 2,500 பவுண்டு, எல்லாருக்கும் மேலே வருகிறவருக்கு 5,000. நம் பணத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல். கதை இதற்கு முன் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது என்ற விதியைப் படித்ததும் எழுந்தே நின்றுவிட்டார். "தம்பி, அந்தத் தகுதி எனக்கு நூத்துக்கு நூறு இருக்கு!"

அடுத்த விதியில்தான் இடி. குறைந்தது 2,000 வார்த்தை, கூடினால் 5,000. கையில் இருப்பதோ அறுநூறு. மூல வடிவம் எந்த டிடிபி சென்டர் கணினியோடு போனதோ. கிழவி பிழைத்தாக வேண்டும் என்று முடிவாயிற்று. அருவி திரும்பி வந்தது. ரோபோவைக்கூட மகனாக மன்னித்துச் சேர்த்துக்கொண்டார். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பொங்கல் நாளில் அதைப் பார்க்க வந்துவிட்டுப் போனார். ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குப் போன். 

"தம்பி, தூங்கிட்டீகளா? இன்னும் எண்ணூறு கொறையுது. கெழவிக்கு ஒரு தங்கச்சி இருந்தா கதை கெட்டுப்போகுமா?"