எனக்குக் கிடைத்தது பச்சை

வாலிகண்டபுரத்தில் எங்கள் தெருவுக்கே நான்தான் கணினி. கரண்ட் பில் கட்ட, ரயில் டிக்கெட் எடுக்க, பட்டா சிட்டா பார்க்க எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். "சார்கிட்ட கொடு, நொடியில முடிச்சுடுவாரு" என்று ஊர் சொல்லிச் சொல்லி, எனக்கும் அந்த நினைப்பு ஏறிவிட்டது. இறக்கிவிட்டது ஆஸ்பத்திரி.

முதல் அடி புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் இடத்தில். மத்திய அரசு 2021 செப்டம்பரில் தொடங்கிய டிஜிட்டல் ஹெல்த் மிஷனில் ஆளுக்கொரு 14 இலக்க 'ஆபா' எண் உண்டு. அது இருந்தால், சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆரைப் போனில் ஸ்கேன் செய்ததும் பெயர், வயது, முகவரி எல்லாம் கவுண்டருக்குப் போய்விடும். நமக்கு டோக்கன் வரும். 2022 அக்டோபரில் டெல்லியில் ஆரம்பித்த ஏற்பாடு இது. வரிசையில் நிற்பவர்களைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, ஒதுங்கி நின்று ஸ்கேன் செய்தேன். ஓடிபி கேட்டது. அது என் ஆதாரோடு இணைத்திருந்த பழைய நம்பருக்குப் போனது. அந்த நம்பர் இப்போது வீட்டுக்காரியிடம்.

போன் போட்டேன். "கடவுளே கேட்டாலும் ஓடிபி சொல்லாதேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். நான்தான் என்று நிரூபிப்பதற்குள், எனக்குப் பின்னால் வந்த பாட்டி பழைய சீட்டை நீட்டி, புதுச் சீட்டு வாங்கி, டாக்டரையும் பார்த்துவிட்டு, மாத்திரைக் கவுண்டருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

அடுத்தது அவசரப் பிரிவு. வாலீஸ்வரர் கோயில் படியில் போனைப் பார்த்துக்கொண்டே இறங்கியதில் கணுக்கால் பிசகிவிட்டது. எதிரில் நிற்பவரின் பலத்தில் பாதி ராமாயணத்து வாலிக்குப் போய்விடும் என்பார்கள். திரைக்கு எதிரில் நின்றால் என் பலம் முழுசும் போய்விடுகிறது. ஆட்டோவில் போய் இறங்கியதும் நர்சம்மா, "வலி பத்துக்கு எத்தனை சார்?" என்றார். "பதினொண்ணு, உயிர் போகுது" என்றேன். சொல்லும்போதே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸும் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் போனைப் பார்த்தார், காலைப் பார்த்தார், நாடியைப் பிடித்தார். "அப்படி ஓரமா உட்காருங்க சார், ஸ்டேட்டஸ போட்டு முடிங்க."

நம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுகளில் சிவப்பு, மஞ்சள், பச்சை என மூன்று பகுதிகள் உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் சிவப்பு, அவசரம் என்றால் மஞ்சள், காத்திருக்கலாம் என்றால் பச்சை. எனக்குப் பச்சை. இவ்வளவு படித்தவனுக்குப் பச்சையா என்று மனசு கொதித்தது. ஒரு மஞ்சளாவது கொடுத்திருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து, நாற்கரச் சாலையில் அடிபட்ட ஒருவரை 108 ஆம்புலன்ஸ் கொண்டுவந்து இறக்கியது. அவர் முனகக்கூட இல்லை. நேராகச் சிவப்புக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆதார் எங்கே, ஓடிபி வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த ஊர்க்காரரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். என் கொதிப்பு அடங்கிவிட்டது. வலிகூட ஆறுக்கு இறங்கிவிட்டது.

இங்கிலாந்தில் சில மருத்துவமனைகளில் அவசரப் பிரிவு வாசலிலேயே தொடுதிரை வைத்திருக்கிறார்கள். நோயாளியே தன் தொல்லைகளைத் தட்ட வேண்டும். யாரை முதலில் பார்ப்பது என்பதற்கு அந்தப் பதில்கள் உதவும். அது இங்கே இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். மயக்கம், மூச்சுத்திணறல், தாங்க முடியாத வலி என்று வரிசையாகத் தட்டி, சுளுக்குக் காலோடு சிவப்புக்குள் புகுந்திருப்பேன். "ஒண்ணுமில்ல சாமி, லேசா கிறுகிறுப்பு" என்று சொல்லும் நம் கிராமத்துப் பாட்டியோ, எதையும் தட்டாமல் பச்சையில் உட்கார்ந்திருப்பார்.

சீட்டுப் போட போன் நல்லதுதான், வரிசை குறையும். ஆனால் யாருக்கு அவசரம் என்பதை என்னைப் போன்றவர்கள் வாய்க்கும் விரலுக்கும் விடக் கூடாது; நாடி பிடிக்கும் கைதான் அதைச் சொல்ல வேண்டும். நெஞ்சு வலியோ, மூச்சுத்திணறலோ, நிற்காத ரத்தமோ என்றால் செயலி எதையும் திறக்காதீர்கள். 108-ஐ அழுத்துங்கள். பெயர், வயது, ஓடிபி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.