உண்டபின் கொள்வதா, கொண்டபின் உண்பதா: மாட்டுங்கா நடைவரிசை பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. சிக்கல்

மும்பையின் மாட்டுங்கா கிழக்கில் காலையில் வந்து இறங்குபவருக்கு மூன்று கடமைகள் உண்டு: சாப்பிடுவது, சாமான் வாங்குவது, எதையாவது பார்ப்பது. இவற்றில் எது முன், எது பின் என்று வகுத்துச் சொல்லும் நூல் இல்லை. ஊர்வழிகாட்டிகள் கடைப் பெயர்களை அடுக்கிவிட்டு நழுவிவிடுகின்றன. ரசம் இட்லிக்கு எங்கே போகலாம் என்று சொல்லும் ஆசிரியர், போகும்போது கையில் நாலு முழம் மல்லிகை இருக்கலாமா கூடாதா என்பதைத் தொடுவதே இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாராய்ச்சி எழுந்தது.

இதெல்லாம் ஒரு விஷயமா என்பாரும் உளர். அவர்கள் கணவன் மனைவியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வந்து பேசட்டும்.

2. களம்

ஆய்வுக் களத்துக்கு ஒரு பக்க எல்லை, மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையம். 2017 முதல் முழுக்கப் பெண் ஊழியர்களே நடத்தும் நிலையம் இது. மறுபக்க எல்லை, பலகையில் மகேஷ்வரி உத்யான் என்றும் வாயில் கிங்ஸ் சர்க்கிள் என்றும் வழங்கும் வட்டப் பூங்கா. கடை எதிலும் நுழையாமல் நடந்தால் இரண்டுக்கும் நடுவே பத்து நிமிஷத் தூரம்தான். அப்படி நடந்தவர் யாரேனும் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

இங்குள்ள அகலத் தெருவும் மரநிழலும் தாமாக வந்தவை அல்ல. 1896இல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. 1898இல் பம்பாய் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் அமைந்து, நெரிந்து கிடந்த நகருக்கு வடக்கே தாதர், மாட்டுங்கா நிலங்களை அளந்து, தெருவுக்கும் தோட்டத்துக்கும் இடம் விட்டு மனை பிரித்தது. ஃபைவ் கார்டன்ஸ் அந்தத் திட்டத்தின் கொடை. டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு ரயிலேறிய தெற்கத்திக் குமாஸ்தாக்கள் இங்கே குடிவந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு 1932இல் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி எழுந்தது. பாட்டுக்கு 1952இல் ஷண்முகானந்தா சபை.

வயிற்றுக்கோ உடுப்பிக்காரர்கள் வந்தார்கள். கஃபே மைசூர் 1936, ராமாஷ்ரயா 1939, கஃபே மெட்ராஸ் 1940, ரயில் நிலையத்தை ஒட்டிய மாடியில் ஏ. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942. பெயர்ப்பலகையில் மெட்ராஸ், நிறுவியவர் ஒரு காமத், தேடி வந்தவர்கள் பாலக்காட்டு அய்யர்கள், இன்றைக்கு வாசலில் காத்திருப்பதோ குஜராத்திக் குடும்பம். எந்த மேசையில் எந்த மாநிலம் என்று பிரித்தறிய முயன்ற ஆய்வாளர், நடுவில் சட்னி வந்துவிட்டதால் அம்முயற்சியைக் கைவிட்டார்.

3. மூன்று மதங்கள்

முதல் மதம், உண்டபின் கொள்க என்பது. ஓய்வுபெற்ற மாமாக்கள் இதன் தூண்கள். வெறும் வயிற்றோடு கடைக்குப் போகிறவன் கண்டதையெல்லாம் வாங்குவான் என்பது அவர்கள் காட்டும் ஏது. இன்னொரு ஏதுவும் உண்டு. வெளியே சொல்ல மாட்டார்கள். ஞாயிறு காலை நேரமாக ஆக கஃபே மெட்ராஸ் வாசலில் நடைபாதை நிரம்பிவிடும். பெயரைக் கொடுத்துவிட்டு, கூப்பிடும் வரை நிற்க வேண்டும். விடிந்ததும் போனால் நேரே உள்ளே போய் உட்காரலாம். பக்கத்தில் அந்நியர் இருவர் உட்காருவார்கள், அவர்கள் தட்டில் இருப்பதைப் பார்த்து நம் ஆர்டரை மாற்றலாம். அது வேறு லாபம்.

இரண்டாம் மதம், கொண்டபின் உண்க என்பது. இது மாமிகளுடையது, ஆகவே நடைமுறையில் வலுவானது. வாழைப்பூ, சேனை, முருங்கைக்காய், நேந்திரங்காய், வாழையிலை எல்லாம் மாட்டுங்கா பாஜிவாலாவிடம் கிடைக்கும். காலையில் போனால் பொறுக்கி எடுக்கலாம். பதினொரு மணிக்குப் போனால் மற்றவர்கள் பொறுக்கிப் போட்டதை எடுக்கலாம். இட்லி எங்கேயும் ஓடிவிடாது, கொழுந்து இலை ஓடிவிடும் என்பது இம்மதத்தின் மூல வாக்கியம்.

மூன்றாம் மதம், கண்டபின் மற்றவை என்பது. கொச்சு குருவாயூர் என்று பெயர்பெற்ற ஆஸ்திக சமாஜத்துக் கோயிலில் தொழுதுவிட்டுத்தான் பல்லில் பச்சைத் தண்ணீர் படும் என்பவர்கள் ஒரு கிளை. அருங்காட்சியகம் திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும் என்பவர்கள் மறு கிளை. இரு கிளையாரும் ஒருவரையொருவர் சந்தித்ததாகப் பதிவில்லை.

4. பொருளின் ஆயுள்

மதச் சண்டையைத் தீர்க்கப் பிரமாணம் வேண்டும். ஆய்வாளர் எடுத்துக்கொண்ட பிரமாணம், வாங்கிய பொருள் பையில் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது.

குறுகிய ஆயுள் மல்லிகைக்கு. கட்டி முழம் போட்டதை மும்பை வெயிலில் பையில் திணித்து மூன்று மணி நேரம் சுற்றினால், வீடு சேர்வது நாரும் நினைவும். அடுத்தது வாழையிலை, அது வாடுவதற்கு முன்பே கிழிந்துவிடும். அதற்கடுத்தது கண்ணெதிரே தேங்காயெண்ணெயில் பொரித்துத் தரும் நேந்திரங்காய் சிப்ஸ். இது கெட்டுப்போவதில்லை, வழியிலேயே தீர்ந்துபோகும். விளைவு ஒன்றே.

காபிப்பொடி தனி இனம். மைசூர் கன்சர்ன்ஸ் கவுண்டரில் பிளாண்டேஷன் ஏ எத்தனை, பீபெரி எத்தனை, சிக்கரி எத்தனை என்று கணக்குச் சொல்லி அரைத்து வாங்கிய பொட்டலத்தை மறைத்து எடுத்துச்செல்ல முடியாது. லோக்கல் ரயிலில் ஏறியதும் எங்கே வாங்கினீர்கள், கிலோ என்ன விலை என்ற விசாரணை தொடங்கும். தாதர் வருவதற்குள் இருவர் கலவை விகிதத்தில் கருத்து வேறுபடுவர்.

நீண்ட ஆயுள் உள்ளவை கிரி டிரேடர்ஸில் இருக்கின்றன. இன்று சென்னை மயிலாப்பூர்க் கடையாகவே பலர் அறிந்திருக்கும் அந்நிறுவனம் 1951இல் பிறந்தது பம்பாயில்தான். அங்கே வாங்கும் பஞ்சாங்கத்துக்கு ஓராண்டு ஆயுள், பித்தளை விளக்குக்கு மூன்று தலைமுறை. கிங்ஸ் சர்க்கிள் நடைபாதையில் அடுக்கியிருக்கும் பழைய புத்தகங்கள் ஏற்கெனவே பலர் கையில் வாழ்ந்து வந்தவை. அவற்றுக்கு ஆயுள் கணக்கு இல்லை.

ஆக முதல் விதி: ஆயுள் மிக்கதை முதலில் கொள்க, ஆயுள் குறைந்ததைக் கடைசியில் கொள்க. நடுவில் உண்க.

5. நாள் பொருத்தம்

திங்கட்கிழமை கஃபே மெட்ராஸுக்கும் ராம நாயக் போர்டிங்குக்கும் விடுமுறை. புதன்கிழமை பைகுல்லா அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. எனவே திங்கள் உண்பதற்கு ஆகாது, புதன் காண்பதற்கு ஆகாது. ஞாயிறு எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் எல்லாருக்கும் ஆகும் என்பதே அதன் தோஷம். எஞ்சுவன செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி. முதல் மூன்றில் ஆபீஸ் உள்ளவர்கள் வர இயலாது. இவ்வாராய்ச்சியின் பயன் முழுமையாகக் கிட்டுவது ஓய்வுபெற்றவர்களுக்கே என்பது இவ்விடத்தில் வெளிப்படுகிறது. முதல் மதத்தார் இதை முன்பே அறிந்திருந்தார்கள் என்ற ஐயமும் எழுகிறது.

6. காட்சி

மாட்டுங்காவில் அருங்காட்சியகம் இல்லை. இருப்பது ஐந்து நிறுத்தம் தள்ளி. தாதர், பரேல், கரி ரோடு, சிஞ்ச்போக்லி தாண்டி பைகுல்லாவில் இறங்கினால் ராணி பாக் தோட்டத்தை ஒட்டி டாக்டர் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம். 1872இல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்ற பெயரில் திறந்தது; மும்பையின் மிகப் பழைய அருங்காட்சியகம். பழுதுபார்த்து 2008இல் மறுபடி திறந்தார்கள். தோட்டத்தில் நிற்கும் கல்யானைதான் கராபுரித் தீவுக்கு எலிஃபண்டா என்ற பெயர் வரக் காரணம். அதை இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப் பார்த்தார்கள்; தூக்கும்போது விழுந்து உடைந்தது; துண்டுகளைச் சேர்த்து இங்கே நிறுத்தினார்கள். உள்ளே, பழைய பம்பாயின் மக்களும் தொழில்களும் களிமண் பொம்மைகளாக, நம் வீட்டு நவராத்திரிக் கொலு மாதிரி, கண்ணாடிக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கின்றன.

அருங்காட்சியகம் திறப்பது பத்து மணிக்கு. உடுப்பிக் கடைகள் அதற்கு வெகுநேரம் முன்பே திறந்துவிடுகின்றன. காண்பது முதல் என்னும் மதத்தின் அருங்காட்சியகக் கிளை இந்த ஒரு செய்தியிலேயே முறிகிறது. பசியோடு பத்து மணி வரை நின்று அவர்கள் யாரை ஜெயிக்கப் போகிறார்கள்? கோயில் கிளைக்கு இந்த முறிவு இல்லை. அது விடியற்காலையிலேயே திறந்திருக்கிறது.

7. தடையும் விடையும்

செம்பூரிலிருந்து ஒரு தடை வருகிறது. சேடா நகரில் திருச்செம்பூர் முருகன் கோயிலுக்கு 108 படி. உண்டபின் காண்க என்று விதி செய்தால், நெய் ரோஸ்ட்டோடு 108 படியும் ஏறுவது யார்? இதற்கு விடை: விதி மாட்டுங்காவின் சமதளத்துக்கு மட்டும் உரியது. குன்றுள்ள இடத்தில் காண்பதே முன் என்க.

தாராவியிலிருந்து வரும் தடை இதைவிடக் கடுமையானது. காணப்படும் பொருள் ஓரிடத்தில் நிற்கும், காண்பவரே போக வேண்டும் என்பது இவ்வளவு நேரம் ஆய்வாளர் கேள்வியின்றி எடுத்துக்கொண்ட எடுகோள். 2016இல் ஹோர்ஹே மான்யெஸ் ரூபியோ, அமாண்டா பினாட்டி என்னும் இருவர் தொடங்கிய டிசைன் மியூசியம் தாராவி, சக்கரம் வைத்த சிறு வண்டியில் தாராவிக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருந்தது. தாராவிக் கைவினைஞர்கள் செய்யும் பொருள்களே அதன் காட்சிப் பொருள்கள். காட்சியே தெருவுக்கு வந்துவிட்டால், முன் பின் என்பதை யார் நிர்ணயிப்பது? நல்ல வேளையாக அந்த ஏற்பாடு சில மாதங்களுக்கு மட்டுமே. ஆய்வாளர் அதை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்து மூச்சுவிட்டார்.

மூச்சு விட்டு முடிவதற்குள் தோல் கடைகள் குறுக்கிட்டன. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் தோல் பதனிட்டுக் குடியேறிய ஊர் தாராவி. அந்தத் தொழில் வழி வந்த கடைகளில் இன்றும் பெல்ட், பர்ஸ், பை எல்லாம் வாங்கலாம். பை என்பதுதான் இடர். மற்றவை கொள்ளப்படும் பொருள்கள். பையோ மற்றவற்றைக் கொள்ளும் கலம். அதை முதலில் வாங்காமல் காபிப்பொடியை எதில் போடுவது? மாட்டுங்கா யாத்திரை தாராவியில் தொடங்க வேண்டுமா? இதற்கு மாமிகள் சொல்லும் சமாதானம் எளிது: வீட்டிலிருந்து கிளம்பும்போதே பை எடுத்துக்கொண்டு வரணும், இது கூடத் தெரியாதா. ஆய்வாளர் பணிந்தார்.

8. துணிபு

செவ்வாய், வியாழன், வெள்ளி, சனி இவற்றுள் ஒரு நாள் காலை, துணிப்பையுடன், மாட்டுங்காவில் இறங்குக. தொழுவோர் தொழுக. கஃபே மெட்ராஸிலோ கஃபே மைசூரிலோ டிபன் கொள்க. கடைகள் திறந்ததும் பஞ்சாங்கம், விளக்கு போன்ற நெடுநாள் பொருள்களை வாங்கி, பைகுல்லா போய் யானையைக் கண்டு வருக. ராம நாயக் போர்டிங் மதியப் பந்தி முடிவதற்குள் திரும்பி வந்து இலை முன் உட்காருக. அதன்பின் கிங்ஸ் சர்க்கிள் பக்கம், மேம்பாலத்துக்குக் கீழே நர்மதை நதியின் வளைவுகளைப் போலப் பாதை போட்டிருக்கும் நானாலால் டி. மேத்தா தோட்டத்தில் நடந்து, உண்டதைச் செரிக்க வைக்க. கடைசியில் காபிப்பொடி, இலை, பூ என்னும் வரிசையில் வாங்கிப் புறப்படுக.

காய்கறிக்கு இவ்விதியில் இடமில்லை. அதற்கு இரட்டையர் முறை உண்டு: ஒருவர் கஃபே மெட்ராஸ் வாசலில் பெயர் கொடுத்துவிட்டு நிற்க, மற்றவர் வாழைப்பூ பொறுக்கப் போவது. உண்பதும் கொள்வதும் ஒரே நேரத்தில் நடப்பதால் முன் பின் என்ற வழக்கே எழாது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டுங்காக் குடும்பங்கள் ஏற்கெனவே இப்படித்தான் செய்கின்றன, நூல் எழுதாமலே.

தீராமல் நிற்பது காபி. டிபனுக்குப் பின் ஒன்று, ரயிலுக்கு முன் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, பூ வாங்கியபின் ஒன்று என்று அது விதியின் எல்லா இடுக்கிலும் நுழைகிறது. உண்டல், தின்றல், நக்கல், பருகல் என உணவை நால்வகையாக்கிய முன்னோர் வழி நின்று பார்த்தால் காபி பருகலில் சேரும். இவ்வாராய்ச்சி உண்டலைப் பற்றியது மட்டுமே; ஆதலால் காபிக்கு இவ்விதிகள் செல்லா என்க.