பட்டுக்கடைக்கு ஆளெடுப்பும் உத்திரமேரூர்க் கல்வெட்டும்: ஓர் ஒப்பாய்வு

காஞ்சிபுரத்தில் புதிதாகத் திறக்கப்போகும் பட்டுக்கடையின் ஷட்டரில் ஒட்டப்படும் ‘ஆட்கள் தேவை’ நோட்டீஸைப் பற்றி இதுவரை யாரும் முறையாக ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. நடுகல்லை ஆராய்ந்தார்கள், பானை ஓட்டை ஆராய்ந்தார்கள், இதை விட்டுவிட்டார்கள். அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

நோட்டீஸின் பாடம் ஊர் முழுவதும் ஏறக்குறைய ஒன்றுதான். அனுபவம் உள்ள, இல்லாத ஆட்கள் தேவை; உணவு, தங்குமிடம் இலவசம்; சம்பளம் நேரில். மனிதகுலம் மொத்தமும் முதல் வரியிலேயே அடங்கிவிடுகிறது. இவ்வளவு தாராளமாக அழைத்தும், திறப்பு விழா அன்று கல்லாவில் முதலாளியின் மைத்துனர்தான் உட்கார்ந்திருக்கிறார். ஏன்? இதுவே நம் ஆய்வுச் சிக்கல்.

விடைக்கு அதிக தூரம் போக வேண்டாம். இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் ஆளெடுப்பு விதிகளைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு ஆள் எடுக்கும் விதிகள் அவை. 919இல் வயது வரம்பு முப்பதிலிருந்து அறுபது. இரண்டே ஆண்டில் அதை முப்பத்தைந்திலிருந்து எழுபது என்று மாற்றினார்கள். இடையில் யாரோ ஒரு முப்பத்திரண்டு வயதுக்காரர் என்னமோ செய்திருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் ஊகம். கல்வெட்டு வாய் திறக்கவில்லை. வரி கட்டும் கால்வேலி நிலத்துக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், படிப்பு வேண்டும், கடந்த மூன்றாண்டில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது. குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப்பிரிவுகளிலிருந்தும் தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்வார்கள். அந்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும். கைக்குள் வேறு ஓலை ஒளிந்திருக்கலாமே! பதவிக் காலம் 360 நாள்.

கல்வெட்டின் உச்சம் தகுதியற்றோர் பட்டியல். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக் கூடாது. அவரோடு சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், தாய்மாமன், மாமனார், மைத்துனன், சகோதரி கணவன், சகோதரி மகன், மருமகன், அப்பன், மகன் எல்லோருக்கும் தடை. எழுதியவர் ஒரு கல்யாணப் பந்தலின் முன்வரிசையைப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கலாம்.

இப்போது இந்தப் பட்டியலைப் புதுப் பட்டுக்கடையின் சம்பளப் பதிவேட்டோடு பொருத்திப் பாருங்கள். வரிக்கு வரி ஒத்துப்போகிறது. 1,100 ஆண்டுகளில் நடந்தது ஒன்றுதான்: தகுதியற்றோர் பட்டியல் அப்படியே தகுதியுடையோர் பட்டியலாகிவிட்டது. கணக்குக் காட்டாமை மட்டும் பழையபடியே தொடர்கிறது.

உறவுக்காரர் அல்லாதவருக்குத் தேர்வு உண்டு. பிரித்துப்போட்ட சேலையை மடிப்பு மாறாமல், ஜரிகை கசங்காமல் பழையபடி மடிக்க வேண்டும். நாற்பது சேலை பிரித்த பிறகு “இதே கலர்ல, வேற கலர் இருக்கா?” என்று கேட்கும் அம்மாவிடம் முகம் மாறாமல் “இருக்கும்மா, எடுக்கச் சொல்றேன்” என்று சொல்ல வேண்டும். இதில் தேறியவரிடம் முதலாளி கேட்கும் கடைசிக் கேள்வி: “வைகாசியில கருட சேவைக்கு லீவு கேப்பியா?” கேட்க மாட்டேன் என்பவர் வெளியூர்க்காரர், கேட்பேன் என்பவர் நேர்மையானவர். இருவரையும் எடுத்துக்கொள்வதே வழக்கம். அன்றைக்கு இருவருமே வர மாட்டார்கள்.

கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு சட்டம் திருத்தியது. மெத்தை விரித்து, விற்பவரும் வாங்குபவரும் சம்மணமிட்டு உட்காரும் பழைய காஞ்சிக் கடைகள் இதைச் சட்டம் வருமுன்பே நிறைவேற்றிவிட்டன. கவுன்டர் போட்ட கடைகளில்தான் கால் வலி.

பதிவேட்டில் இல்லாத ஊழியரும் உண்டு. கோயில் வாசலில் இறங்கும் வெளியூர்க் குடும்பத்தை “நேரா தறிக்காரர் வீட்டு விலை” என்று கடைக்கு அழைத்துவரும் ஆட்டோக்காரருக்குச் சம்பளம் இல்லை, கமிஷன் உண்டு. திறமையில் இவரை மிஞ்ச உள்ளே யாருமில்லை.

உண்மையான சேலைக்காரர் இத்தனைக்கும் வெளியே இருக்கிறார். கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் சேரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும்; நெசவாளிக்குப் பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர் வேண்டும். அந்த நெசவாளியைக் கட்டிவைப்பது நோட்டீஸும் நேர்காணலும் அல்ல, முன்பணம். வாங்கிய அட்வான்ஸ் தீரும்வரை அவர் வேறு முதலாளியிடம் போவது கடினம். வாரியத்தாருக்கு 360 நாள். இவருக்குக் கெடு கிடையாது. விளையாட்டாகத் தொடங்கிய ஆய்வு இந்த இடத்தில் சிரிக்க மறுக்கிறது.

காஞ்சியில் கடை திறக்கப்போகிறவர்கள் ஒருமுறை உத்திரமேரூர் பஸ் ஏறிக் கல்வெட்டைப் பார்த்துவர வேண்டுகிறேன். மைத்துனரை மட்டும் கூட அழைத்துப் போக வேண்டாம்.