மருமகனே, அந்தக் காலை எடு!

வேனுக்கு முன்னால எலுமிச்சம்பழம், பின்னால திருஷ்டிப் பொம்மை, உள்ள கலர் கலரா சீரியல் லைட்டு, நாலு மூலைக்கும் ஸ்பீக்கரு. எல்லாம் அம்சமாத்தான் இருக்கு மருமகனே. ரிவர்ஸ் போடுறப்ப ‘கர்ர்ர்’ருனு ஒரு சத்தம் வருதே, அதையும் ஸ்பீக்கர்ல வர்ற பாட்டுன்னு நெனச்சுக்கிட்டியோ? தெருமுனைத் திண்ணையில உக்காந்திருக்குற எனக்குக் கேக்குது, சீட்டுல இருக்குற உனக்குக் கேக்கல. காது மந்தம் எனக்குன்னு ஊருக்குள்ள பேச்சு!

கேட்டா, “கியர் பாக்ஸ் போச்சு மாமா, எறக்கணும்”ங்கிற. எறக்கு, தாராளமா எறக்கு. எறக்குறதுக்கு முந்தி பானெட்டுக்குள்ள வெத்தலைச் செல்லம் அளவுக்குக்கூட இல்லாத பிளாஸ்டிக் கிளட்ச் ஆயில் டப்பா ஒண்ணு இருக்கு பாரு, அதோட மூடியைத் தொறந்து ஒரு தடவை எட்டிப் பாத்துரு. அதுக்கு மெக்கானிக் கூலி கெடையாது.

ஆம்னி வேன்ல கிளட்ச்சுக்குக் கேபிள். அறுந்தா கையில வந்துரும், சந்தேகமே இல்ல. உன் டெம்போ டிராவலர் மாதிரி வண்டியில கேபிள் கெடையாது, ஆயில். நீ பெடலை அமுக்குனா மேல மாஸ்டர் சிலிண்டர்ல இருக்குற பிஸ்டன் ஆயிலைத் தள்ளும். அது பைப்பு வழியாப் போயி கீழ ஸ்லேவ் சிலிண்டர் பிஸ்டனை வெளிய தள்ளும். அது ஃபோர்க்கைத் தள்ள, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, கிளட்ச் பிளேட் விடுபடும். அடைச்சு வச்ச எண்ணெயை ஒரு பக்கம் அமுக்குனா எல்லாப் பக்கமும் அந்த அழுத்தம் போகும்னு பாஸ்கல்னு ஒரு பிரெஞ்சுக்காரரு 1600-களிலேயே சொல்லிட்டுப் போயிட்டாரு. அவரு ஒரு நாளும் வேன் ஓட்டுனதில்ல. இருந்தாலும் உன்னைவிட அவருக்கு கிளட்ச் நல்லாப் புரிஞ்சிருக்கு.

ஆயிலு அமுங்காது, காத்து அமுங்கும். சூட்சுமம் அம்புட்டுதான். பைப்புக்குள்ள கொஞ்சம் காத்துப் பூந்துருச்சுன்னா, நீ அமுக்குற அமுக்கு காத்தை நசுக்குறதுலயே செலவாயிரும். கீழ பிஸ்டன் நகர வேண்டிய தூரமே அரை இஞ்சு, முக்கால் இஞ்சுதான். அதுலயும் குறைஞ்சா பிளேட் முழுசா விடுபடாது. முன் கியருக்கெல்லாம் வேகத்தை ஒத்துப்போக வைக்கிற சின்க்ரோ ரிங் இருக்கு, எப்படியோ சமாளிச்சிரும். பல பழைய வண்டியில ரிவர்ஸுக்கு அது கெடையாது, அதனால மொதல்ல கத்துறது அதுதான். கத்துறது கியரு, சீக்கு கிளட்ச்சுக்கு.

இப்ப ஒரு சங்கதி சொல்றேன், காதுல வாங்கிக்கோ. பிரேக் கட்டை தேயத் தேய பிரேக் டப்பாவுல ஆயில் எறங்கும், அது நாயமான எறக்கம். கிளட்ச்சுல கதை தலைகீழ். தானா அட்ஜஸ்ட் ஆகுற ஸ்லேவ் சிலிண்டர்ல, பிளேட் தேயத் தேய அந்தப் பிஸ்டன் உள்பக்கமாத் தள்ளப்படும், ஆயில் மேல ஏறும். ஆக, கிளட்ச் டப்பாவுல ஆயில் எறங்குதுன்னா தேய்மானம்னு சாக்குச் சொல்ல முடியாது. எங்கயோ ஒழுகுது. நீ மாசாமாசம் ஒரு மூடி ஊத்திட்டு ‘மெயின்டனன்ஸ் பண்ணிட்டேன்’னு நெஞ்சை நிமித்துறியே, அது மெயின்டனன்ஸ் இல்ல மருமகனே, வாய்க்கரிசி.

ஒழுகுற எடத்தைக் கண்டுபிடிக்க சோசியர் வேணாம். குனியத் தெரிஞ்சா போதும். கிளட்ச் பெடலுக்குக் கீழ கெடக்குற மேட்டைத் தூக்கு. பெடல்ல இருந்து மேல போற கம்பியில விரலை ஓட்டிப் பாரு. ஈரம் ஒட்டுச்சுன்னா, அங்கங்க பெயிண்ட் உரிஞ்சு கெடந்துச்சுன்னா, மாஸ்டர் சிலிண்டரோட பின்பக்க வாசர் போயிருச்சு. அப்புறம் வண்டிக்கடியில படுத்து, ஸ்லேவ் சிலிண்டரோட தூசி ரப்பரை நகத்தால நெம்பிப் பாரு. உள்ள இருந்து ஆயில் சொட்டுச்சுன்னா அந்த வாசரும் அவுட்டு. ரெண்டும் காஞ்சு கெடந்தும் பெடலை அமுக்கிப் புடிக்கப் புடிக்க கியர் இழுக்குதா? சமதரையில, முன்னால ஆள் நிக்காத எடமாப் பாத்து, கை பிரேக்கும் கால் பிரேக்கும் போட்டு, ஃபர்ஸ்ட் கியர்ல கிளட்ச்சை அமுக்கிப் புடி. கொஞ்ச நேரத்துல வண்டி முன்னால முக்க ஆரம்பிச்சா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே ஆயில் வாசரைத் தாண்டித் திரும்பி வருதுன்னு அர்த்தம்.

சரி, என்ன ஆயில் ஊத்துற? “கடைக்காரரு குடுத்தாரு மாமா.” கடைக்காரரு பொண்ணு குடுத்தாலும் குலம் கோத்திரம் விசாரிப்பேல்ல? இஞ்சின் ஆயிலோ, ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு உள்ள போனாலும் வாசரெல்லாம் உப்பி ஊதிப்போகும். வாசரைப் பெட்ரோல்ல கழுவுறதும் அதே பாவம்தான். மூடியில டாட் 3-ன்னோ டாட் 4-ன்னோ எழுதியிருக்கும், அதை மட்டும் ஊத்து. டாட் 5-ன்னா அது சிலிக்கான், டாட் 3, டாட் 4-ஓட சேராது. டாட் 3, டாட் 4 ஆயிலு காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காம நிக்கணும்ங்கிறது கணக்கு. 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்துட்டா அந்தக் கணக்கு 155 டிகிரிக்கு வந்துரும். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே டப்பா வச்ச வண்டியா இருந்தா, குமுளி மலையில எறங்குறப்ப அது எங்க போய் நிக்கும்னு நீயே ரோசி. கிளட்ச்சுல அந்தத் தண்ணி வேற வேலை பாக்கும்: சிலிண்டரைத் துருப்புடிக்க வைக்கும், துரு வாசரை அறுக்கும். அதனாலதான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்தச் சொல்றாங்க. மூடி தொறந்து போன தீவாளியில இருந்து சீட்டுக்கடியில உருளுதே ஒரு பாட்டில், அதைத் தூக்கிப் போடு.

சிலிண்டரைப் பிரிச்சா, புது வாசர் கிட் போடுறதுக்கு முந்தி உள்சுவத்துல நகத்தை ஓட்டிப் பாரு. வழுக்கிட்டுப் போனா கிட் போடு. நகம் தட்டுனா சிலிண்டரையே மாத்து, பள்ளம் விழுந்த எடத்துல புது வாசர் போட்டா அதுவும் சீக்கிரம் கிழியும். பழைய ரப்பர் ஹோஸையும் கையோட மாத்திரு. உள்பக்கம் ஊதி அடைச்சா பெடல் மேல வர்றதுக்கே சோம்பல் படும்.

ஏர் எடுக்குறது ரெண்டு ஆளு வேலை, ஒரு வாய் வேலை. கீழ இருக்குறவன் சொல்றதை மேல இருக்குறவன் கேக்கணும். ஸ்லேவ் சிலிண்டர் நிப்பிள்ல டியூப்பை மாட்டி, மறு நுனியை ஆயில் உள்ள பாட்டில்ல முக்கி வையி. ‘அமுக்கு’ன்னா அமுக்கணும், அமுக்கிப் புடிச்சிருக்கணும். கீழ இருக்குறவன் நிப்பிளைத் தொறந்து பூட்டுன பிறகு ‘விடு’ன்னாத்தான் விடணும். பூட்டுறதுக்குள்ள விட்டா, வெளிய போன காத்து வீடு திரும்பிரும். இடையில டப்பா காலியாயிரக் கூடாது, காலியானா மறுபடி மொதல்ல இருந்து. பழைய வண்டியில பெடலைத் தரைவரைக்கும் மிதிக்காத. வழக்கமாப் போகாத துருப்புடிச்ச ஆழத்துக்கு வாசர் போயி கிழிஞ்சிரும். பெடலுக்கடியில ஒரு மரக்கட்டை வையி. பெயிண்ட்ல சிந்துனா உடனே தண்ணி ஊத்திக் கழுவு, இல்லேன்னா பெயிண்ட் கழண்டு வந்துரும்.

கடைசியா உன் இடது காலுக்கு ஒரு வார்த்தை. அது என்ன, மாமியார் வீட்டுத் திண்ணை மாதிரி கிளட்ச் மேலயே குடியிருக்கு? ரிலீஸ் பேரிங் ஓயாமச் சுத்தி ஊளையிடும், பிளேட் பாதி புடிச்சும் புடிக்காமலும் எரியும். பெடல்ல கொஞ்சம் வெறும் ஆட்டம் இருக்கணும். அதைக் காலால பாக்காத, கையால அமுக்கிப் பாரு. கம்பிக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் சந்து இல்லேன்னா, மாஸ்டர் சிலிண்டர்ல ஆயில் திரும்புற சின்ன ஓட்டை அடைபட்டு, நீ காலை எடுத்தாலும் கிளட்ச் அமுங்கியே கெடக்கும். கொடைக்கானல் ஏத்தத்துல கருகுற வாசனை வந்தா பக்கத்து வண்டியைத் திட்டாத. ஏத்தத்துல நிக்கணும்னா கை பிரேக் போட்டு நில்லு. அரை கிளட்ச்சுல நிக்கிறது கெட்டிக்காரத்தனம் இல்ல, கிளட்ச் பிளேட் விக்கிறவனுக்கு நீ போடுற மொய்.

கிளட்ச் ஒரே நாள்ல போறதில்ல மருமகனே. போகப் போறேன்னு பல மாசமாச் சொல்லிட்டுத்தான் போகும். நாமதான் ஆயிலை ஊத்தி அது வாயை அடைக்கிறோம். கார்த்திகை ஒண்ணுக்கு மாலை போடுற ஆளுக சபரிமலைக்கு வண்டி கேட்டு வந்து நிக்கிறதுக்குள்ள ஒழுகலை அடைச்சு, பழைய ஆயிலை எறக்கிப் புதுசு மாத்திரு. பெடல் மிதிக்க ஆள் வேணும்னா கூப்பிடு, வர்றேன். டீயும் ரெண்டு உளுந்தவடையும் உன் செலவு. டப்பா மூடியைத் தொறந்து பாக்க மட்டும் யாரும் வேணாம். அதை இன்னைக்கே பாரு.