கத்தார் போகிறவர்கள் கவனத்துக்கு

சுற்றுலா போகக் கத்தாரைப் போல் வாகான நாடு கிடையாது. காரில் கிளம்பினால் ஒரே நாளில் தெற்கு வடக்காக நாட்டையே அளந்துவிடலாம். குப்பை இல்லை, பவர்கட் இல்லை, ஏனென்று கேட்க எதிர்க்கட்சியும் இல்லை. வில்லாஜியோ மாலில் கூரைக்கு வானம் தீட்டி, கீழே கால்வாய் வெட்டி, வெனிஸ் படகு விட்டிருக்கிறார்கள். ஏறி உட்கார்ந்து நீங்களும் வெள்ளைக்காரர் ஆகலாம்.

இதையெல்லாம்விட மெச்ச வேண்டியது அவர்களுடைய கணக்கு. விமான நிலையத்தில் தலைக்கு மேல் விளக்கு மாட்டிய மஞ்சள் கரடி பொம்மை ஒன்று உண்டு. ஏலத்தில் எடுத்த விலை 68 லட்சம் டாலர். உம் அல் செனீம் பூங்காவில் திறந்தவெளி ஓட்டப்பாதைக்கே ஏசி போட்டிருக்கிறார்கள். நீளம் 1,143 மீட்டர், கின்னஸ்காரர்கள் ஒப்புக்கொண்டது. 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை லுசைல் மைதானத்தில் பார்த்தவர்கள் 88,966 பேர். இன்னொரு மைதானத்தை 974 கன்டெய்னர்களால் கட்டினார்கள். நாட்டின் தொலைபேசிக் குறியீடும் 974. ஒரு கன்டெய்னர் கூடியிருந்தால் ராங் நம்பர் ஆகியிருக்கும்.

இப்பேர்ப்பட்ட கணக்குப்புலிகளின் ஊரில், போட்டி ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் ஹஸன் அல் தவாதியிடம் 2022 நவம்பரில் தொலைக்காட்சி நேர்காணலில் கேட்டார்கள்: உலகக் கோப்பை வேலைகளில் எத்தனை தொழிலாளிகள் செத்தார்கள்? நானூறிலிருந்து ஐநூறுக்குள் இருக்கும், சரியான எண் கையில் இல்லை என்றார் மனிதர். நடுவில் தொங்கும் அந்த நூறு பேர் செத்தார்களா, இருக்கிறார்களா? காய்கறிக்கார அம்மா கறிவேப்பிலையைத்தான் இப்படிக் கை மதிப்பில் அள்ளிப் போடுவார். பிறகு அவருடைய குழு விளக்கம் தந்தது: 2014 முதல் 2020 வரை நாடு முழுக்க வேலையிடத்தில் இறந்தவர்கள் 414 பேராம்; மைதானங்களைக் கட்டும்போது விபத்தில் செத்தவர்கள் மூன்றே பேராம்.

கார்டியன் நாளிதழ் 2021இல் வேறொரு எண்ணை வெளியிட்டது. பத்தாண்டுகளில் கத்தாரில் இறந்த தெற்காசியர்கள் 6,500க்கும் மேல். எல்லோரும் மைதானம் கட்டியவர்கள் அல்லர். எல்லாமே வேலையால் வந்த சாவும் அல்ல. எதனால் வந்த சாவு என்று பார்த்தால்தானே தெரியும்? மெடிக்கலில் 'ஃபிட்' முத்திரை வாங்கி விமானம் ஏறிய முப்பது வயது ஆள் பகலெல்லாம் வெயிலில் கம்பி கட்டுகிறான், ராத்திரி கேம்ப் கட்டிலில் படுக்கிறான், விடிந்தால் எழுந்திருப்பதில்லை. பெரும்பாலும் போஸ்ட்மார்ட்டம் கிடையாது. இதயம் நின்றுவிட்டது, இயற்கை மரணம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். செத்தவன் எவனுக்கையா இதயம் ஓடும்? இயற்கை என்று எழுதிவிட்டால் கம்பெனி இழப்பீடு தர வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லின் விலை அதுதான்.

உழைத்தவனின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன மார்க்கம் அவர்களுடையது. பாவம், பாலைவனத்தில் வியர்வை உடனே உலர்ந்துவிடுகிறது. கம்பெனிக் கணக்கர்கள்தான் என்ன செய்வார்கள்? சிலருக்கு ஆறு மாதம் கழித்துத்தான் ஞாபகம் வருகிறது.

தோஹா போனால் முஷெரிப்பில் உள்ள பின் ஜெல்மூத் இல்லத்தைத் தவறவிடாதீர்கள். அடிமை வியாபாரி ஒருவரின் வீடு. இன்று அடிமை முறை பற்றிய அருங்காட்சியகம். கத்தார் அடிமை முறையை ஒழித்தது 1952இல். அருங்காட்சியகம் திறந்தது 2015இல். அந்த 2015இல் ஒரு தொழிலாளி தாயின் சாவுக்குப் போக வேண்டுமென்றாலும் முதலாளி கையெழுத்துப் போட்டால்தான் நாட்டைவிட்டு வெளியேற முடியும். உள்ளே ஏசியில் நின்று பழைய அடிமைகளுக்காக நீங்கள் கண்கலங்கலாம்.

உலகக் கோப்பை தொடங்குவதற்கு முந்தைய நாள் ஃபிஃபா தலைவர் இன்ஃபான்டினோ, இன்று நான் என்னைப் புலம்பெயர் தொழிலாளியாக உணர்கிறேன் என்று உருகினார். உடனே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு கேம்பில் ஒரு கட்டில் ஒதுக்கியிருக்க வேண்டாமா? விருந்தோம்பலில் அங்கேதான் கோட்டைவிட்டார்கள்.

கத்தாரை மட்டும் திட்டிவிட்டுக் கையைக் கழுவ முடியாது. அந்த 6,500இல் இந்தியர் 2,711 பேர். ஏஜெண்ட் 30,000 ரூபாயும் வரியும் போக மேலே வாங்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அதோடு நிறுத்திக்கொண்ட ஏஜெண்ட் ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ இருந்தால் சொல்லுங்கள், சிலை வைப்போம். வட்டிக்கு வாங்கிக் கொடுத்து விசா எடுத்த கடன், பெட்டியில் திரும்பியவனோடு சாவதில்லை. அவன் மனைவி கட்டுகிறாள். அவன் உயிரோடு அனுப்பிய பணம் அந்நியச் செலாவணி என்று மேடையில் மார்தட்ட உதவியது. பெட்டியை வாங்க மட்டும் விமான நிலையச் சரக்குப் பிரிவு வாசலில் மச்சானும் சித்தப்பாவும்தான் நிற்கிறார்கள்.

2024 பிப்ரவரியில் இந்தியா கத்தாரோடு ஓர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது: ஆண்டுக்கு 75 லட்சம் டன் எரிவாயு, 2048 வரை. அதில் ஒரு கப்பல் குறைந்தால் டில்லி சும்மா இருக்குமா? இந்த மனிதர்களையும் டன் கணக்கில் ஒப்பந்தம் போட்டு அனுப்பியிருந்தால், குறைந்த எடைக்காவது நியாயம் கேட்டிருப்பார்கள்.