பிழை அவர்களுடையது, அபராதம் நம்முடையது

அரசாங்கத்தின் வாகனப் பதிவேடு தப்பு செய்யாது. தப்பு செய்வதெல்லாம் உங்கள் வண்டிதான்.

பதிவேட்டில் உங்கள் ஸ்கூட்டர் கறுப்பு. வாசலில் நிற்பது சிவப்பு. அப்படியென்றால் ஸ்கூட்டர்தான் பொய் சொல்கிறது. சேஸ் நம்பரில் ‘பி’ இருக்க வேண்டிய இடத்தில் 8 விழுந்திருக்கிறது. தொழிற்சாலையில் இரும்பில் குத்திய எண் தப்பு, ஆர்.டி.ஓ. ஆபீசில் யாரோ அவசரத்தில் தட்டிய எண் சரி. இரும்பைத் தேய்த்துவிட்டு மறுபடி குத்திக்கொண்டு வா என்று சொல்லவில்லையே, அந்தக் கருணைக்கு நன்றி சொல்லிவிட்டு வரிசையில் நில்லுங்கள்.

ஒரு காலத்தில் இந்தப் பிழைகளுக்கு இத்தனை செல்வாக்கு கிடையாது. ஒவ்வொரு ஆபீசிலும் தடித்தடியாய் லெட்ஜர் இருந்தது. பிழையும் அதற்குள்ளேயே தூங்கியது. பிறகு தேசிய தகவலியல் மையத்தின் ‘வாகன்’ வந்தது. லெட்ஜரில் இருந்ததெல்லாம் கணினியில் ஏறியது. பிழையும் ஏறியது. இன்று அது இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியும், டோல்கேட்டுக்குத் தெரியும், சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் கையிலிருக்கும் கருவிக்கும் தெரியும். ஒரு கிளார்க்கின் கைப்பிழைக்கு நேஷனல் பர்மிட் கொடுத்திருக்கிறோம். அதற்கு டிஜிட்டல் இந்தியா என்று பெயரும் வைத்திருக்கிறோம்.

பெயர் விஷயத்துக்கு வருவோம். தமிழனுக்கு இனிஷியல் உண்டு என்ற சேதியைத் தில்லி இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆர்.சி.யில் ‘எஸ். முருகன்’. ஆதாரில் ‘முருகன் எஸ்’. பாலிசியில் ‘முருகன் சுப்பையா’. மூவரும் ஒரே ஆள்தான் என்பது தெருவுக்கே தெரியும். கணினிக்குத் தெரியாது. டிஜிலாக்கரில் ஆர்.சி.யை இறக்கப் போனால் பெயர் பொருந்தவில்லை என்று கதவைச் சாத்துகிறது. காகிதம் வேண்டாம், செல்போனில் காட்டினால் போதும் என்று 2018-ல் விதியைத் திருத்தியவர்களும் இவர்கள்தான்.

இன்சூரன்ஸ் கட்டியாயிற்று. பாலிசி சீட்டுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பதிவேட்டிலோ ‘காலாவதி’. நிறுத்துகிறவர் காகிதத்தைப் பார்ப்பாரா, கருவியைப் பார்ப்பாரா? கருவியைத்தான். இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய், அடுத்த தடவை 4,000 என்று 2019-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இன்சூரன்ஸ் இருந்தும் இல்லை என்று பதிவேடு புளுகினால் யாருக்கு எவ்வளவு? அந்தப் பிரிவை எழுத மறந்துவிட்டார்கள். ஆயிரம் வேலை இருந்திருக்கும்.

கார் ஓட்டியவருக்கு ஹெல்மெட் போடவில்லை என்று சலான் வந்த செய்தி நமக்குப் புதிதில்லை. படித்துவிட்டுச் சிரித்தோம். சலான் வந்தவர் சிரிக்கவில்லை. எவனோ உங்கள் எண்ணைத் தன் பைக்கில் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறான். படத்தில் இருப்பது வேறு பைக், வேறு நிறம், வேறு முகம். எண் மட்டும் உங்களுடையது. படத்தை ஒரு மனிதர் ஒரு நிமிடம் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. இப்போது அந்த ஆள் நானில்லை என்று நிரூபிக்கும் வேலை உங்களுடையது.

இதெல்லாம் சில்லறை என்கிறீர்களா? தலை போகிற விஷயமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது. கார் பல கை மாறிவிட்டது. ஆனால் பதிவேட்டில் பழையவர் பெயரே இருந்தது. விபத்துக்கான நஷ்டஈடு அவர் தலையில் விழுந்தது. சட்டம் அப்படித்தான். வண்டியை மாநிலத்துக்குள்ளேயே விற்றால் 14 நாளில் தெரிவிக்க வேண்டும், தெரிவிப்போம். படிவம் 29, படிவம் 30 கொடுக்க வேண்டும், கொடுப்போம். கொடுத்த பிறகு பெயரை மாற்ற ஆபீசுக்கு எத்தனை நாள்? கவுண்டரில் கேட்டுப் பாருங்கள். “வரும் சார்.”

பிழையைத் திருத்தப் போகிறவர் படும் பாடு இருக்கிறதே, அது தனிக் கதை. இன்வாய்ஸ் நகல் வேண்டும். ஆதார் நகல் வேண்டும். தட்டியது அவர்கள்தான் என்று நாம் முத்திரைத்தாளில் சத்தியம் செய்ய வேண்டும். வண்டிக்கு அடியில் குனிந்து, சேஸ் நம்பர் மேல் தாளை வைத்து, பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துப் படிவத்தில் ஒட்ட வேண்டும். நாடு முழுவதற்கும் கணினி போட்டவர்கள் கடைசியில் நம்புவது பென்சிலைத்தான். எல்லாம் கொண்டுபோனால் சர்வர் டவுன். ‘புரோக்கர்களை அணுகாதீர்’ என்ற போர்டுக்குக் கீழேயே புரோக்கர் நிற்கிறார். அவர் கொடுத்தால் மட்டும் சர்வர் எழுந்து உட்காருகிறது. கடைசியில் புது கார்டுக்குக் கட்டணம். அவர்கள் தப்பைத் திருத்த நம் காசு.

இத்தனை அழுக்கான பதிவேட்டை அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? விற்றது. 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் வாகன் தரவுகளையும், ஓட்டுநர் உரிமப் பதிவேடான ‘சாரதி’யின் தரவுகளையும் திறந்துவிட்டு 65 கோடி ரூபாய் வந்ததாக 2019-ல் நாடாளுமன்றத்தில் அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். அடுத்த ஆண்டு தரவு விற்கும் கொள்கையைக் கைவிட்டார்கள். 2021-ல் சொன்ன மொத்த வசூல் கணக்கு 111 கோடியைத் தாண்டியது. நம் பெயர், நம் வண்டி, நம் விவரம், காசு அவர்களுக்கு. அதிலிருந்து ஒரு பங்கைப் பிழை திருத்த ஒதுக்கினோம் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, நம் காதில் விழுந்ததா?

அரசாங்கத்துக்கே இந்த வம்பு வந்தபோது என்ன நடந்தது என்பதையும் பார்த்தோம். 2025 ஜூலை 1 முதல் தில்லியில் ஆயுள் முடிந்த வண்டிகளுக்கு பெட்ரோல் கிடையாது என்றார்கள். பங்க்கில் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், பதிவேடு வயதைச் சொல்லும். இரண்டே நாள். தொழில்நுட்பத்தில் குறை இருக்கிறது, நிறுத்தி வையுங்கள் என்று தில்லி அரசே கடிதம் எழுதியது. தள்ளியும் வைத்தார்கள். அவர்களுக்கு வந்தால் தொழில்நுட்பக் கோளாறு. நமக்கு வந்தால் 2,000 ரூபாய்.

நாம் கேட்பது சலுகை இல்லை. ஆபீஸ் செய்த பிழையை ஆபீசே திருத்தட்டும், கட்டணமில்லாமல், நாள் குறித்து. நமக்கு 14 நாள் என்றால் அவர்களுக்கும் 14 நாள். பிழை இருக்கிறது என்று எழுதிக் கொடுத்த தேதியிலிருந்து அந்த வண்டிக்கு அந்தப் பிழையால் ஒரு சலானும் போடக் கூடாது. கெடு தாண்டினால் அபராதம். பிழையைச் சுமக்கிறவருக்கு ஆபீஸ் கட்ட வேண்டிய அபராதம்.

அதுவரை ஒரு காரியம் செய்யுங்கள். இன்றைக்கே உங்கள் ஆர்.சி.யைப் பதிவேட்டோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் எழுத்தில் மனு கொடுங்கள், ரசீது வாங்காமல் நகராதீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் உங்கள் பக்கம் பேச அந்த ரசீது ஒன்றுதான் இருக்கும்.