தனி டம்ளர் எதற்கு?

கேள்வி: லாரி ஓட்டும் என் கொழுந்தனாருக்கு எச்.ஐ.வி. தனித் தட்டு, தனி டம்ளர் வைக்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். வைக்க வேண்டுமா?
— ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: வேண்டவே வேண்டாம். டம்ளர் ஏறிவர அந்தக் கிருமிக்குக் கால் கிடையாது. ஊர்ப் பேச்சுக்குத்தான் கால் முளைத்திருக்கிறது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக இந்தக் கிருமியைக் கண்டறிந்தபோது மருந்தில்லை. 2004 முதல் அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டுமருந்து சிகிச்சை) மையங்களில் மாத்திரை இலவசம். விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால், உடலுறவிலும் பரவாது. அதுவரை ஆணுறை அவசியம். அவர் மனைவிக்கும் உடனே பரிசோதனை வேண்டும். லோடு ஏற்றிப் போகிறவர் பையில் மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், கண்டிப்பாக. சந்தேகம் தீர 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு அவரையும் பக்கத்திலேயே உட்காரவையுங்கள்.